மதியம் ஒன்றரை மணிக்குத் தீபம்

சாமி அறை அலமாரியில் அகல்களைத் தேடியபோது அடியில் உன் அக்ரூட் ஓடும் கிடைத்தது. விளிம்பு கருகிப்போன பாதி ஓடு. முகர்ந்தால் இன்னும் எண்ணெய்க் காறல் வாசனை. இன்று தீபம். மணி ஐந்து. விளக்குகளை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உனக்கு இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன வருடம் பாரிசில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரே ஒரு பகல் உன்னைப் பார்க்க வந்தேன். ரயிலைவிட்டு இறங்கினால் ஸ்டேஷனில் உன்னையும் உன் நாயையும் தவிர ஆளில்லை. வழியெல்லாம் உழுதுபோட்ட நிலம், மாடுகள். நம் ஊர்ப்பக்கத்துக் கீழ்பென்னாத்தூர் மாதிரிதான் இருக்கிறது, குளிர்தான் ஜாஸ்தி என்றேன். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று சிரித்தாய்.

அன்றும் தீபம். உன் பிரெஞ்சுக்காரக் கணவர் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நீ விரதம். உன்னால் நானும் பட்டினி. அங்கே அகல் ஏது? கொல்லை மரத்து அக்ரூட்டை உடைத்து, பாதி ஓடுகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்தாய். வெளிச்சமாக இருக்கிறதே, சாயங்காலம் ஏற்றினால் என்ன என்று கேட்டேன்.

“மலைமேல ஏத்துற நேரம்தான் எனக்கு நேரம். இங்க அது ஒன்னரை மணி.”

என் மகன் நம் தெருவில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து வீடியோ காலில் வந்தான். மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் பட்டப்பகலில் ஓடுகளை ஏற்றினாய். இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பிறகு மெதுவாகக் கேட்டாய்.

“கொஞ்சம் எடது பக்கம் திருப்பச் சொல்லுடி. எங்க வீட்டப் பாக்கணும்.”

உன் அண்ணன் அந்த வீட்டை விற்றதும், வாங்கியவர்கள் அதை இடித்து லாட்ஜ் கட்டியதும் உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இருபது வருடமாக ஊர்ப்பக்கம் வராதவளிடம், விரதத்தோடு நிற்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? நெட்வொர்க் போய்விட்டது என்று பொய் சொல்லிப் போனை அணைத்தேன். நீ அடை சுடப் போனாய். அடை நன்றாகத்தான் இருந்திருக்கும். நான்தான் என் பங்கை உன் நாய்க்குப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் இந்த ஓட்டை என் கையில் வைத்தாய்.

“வீடு இல்லன்னு ரெண்டு வருஷமாவே தெரியும். எடத்தையாவது பாக்கலாம்னுதான் கேட்டேன்.”

ரயில் வந்துவிட்டது. அடுத்த தீபத்துக்கு நானே காட்டுகிறேன் என்று படியேறும்போது சொன்னேன். அந்தத் தீபம் இன்றைக்குத்தான். நீ ஆடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் கணவர் என் மகளுக்கு அனுப்பிய பிரெஞ்சுக் கடிதத்தை அவள்தான் போனில் படித்துச் சொன்னாள். அன்று போனைத் திருப்பியிருக்கலாம். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது காட்டுகிறேன், பார். நாலு மாடி. பச்சை பெயின்ட், சகிக்கவில்லை. உங்கள் கிணறு இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். நீ படுத்துப் படித்த அறையின் உயரத்தில் யாரோ ஒரு பக்தரின் துண்டு காய்கிறது. நாம் இரண்டு பேரும் சின்ன வயதில் தாண்டித் தாண்டி விளையாடிய, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் பாதி எங்களுடையது, அதனால் அவர்களால் கை வைக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு எல்லோரும் மலையைப் பார்த்து நிற்பார்கள். இந்த ஓட்டில் தம்மாத்தூண்டு எண்ணெய்தான் பிடிக்கும், ஐந்து நிமிடம்கூட எரியாது. அதை அந்தச் சுவரில் ஏற்றி வைத்துவிட்டு, அணையும்வரை நான் இடது பக்கம் திரும்பி நிற்பேன்.