ஐந்தரைக் கட்டையில் தொடங்கும் பெட்டி

12-7-94, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கடையில் ரிப்பேருக்கு இரண்டு டைமர் போர்டு, ஒரு மீட்டர். வேறு வேலை இல்லை.

மதியம் ஒரு பெண் வந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. பைக்குள் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. பாலிடெக்னிக் கடைசி வருஷம் நானும் செ.யும் சேர்ந்து செய்தது. அவளைப் பார்க்கும் முன்பே பெட்டி தெரிந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, இது நீங்க செஞ்சதாமா? கூடப் படிச்சவங்கன்னு அவரு சொன்னாருங்க."

கூடப் படிச்சவங்க. அவ்வளவுதான் நான்.

பேர் பூங்கொடி, செ.வின் மனைவி. சோமனூர், வீட்டில் தறி. சுருதி மாற்றும் குமிழ் இறுகியதாம், தறி எண்ணெயை விட்டுவிட்டாள். "எங்கூட்ல எது இறுகுனாலும் எண்ணெய்தானுங்க." அதிலிருந்து ஒரு படி திருப்பினால் மூன்று படி தாவுகிறது. தொடாவிட்டாலும் நடுங்குகிறது. செ.வுக்குத் தெரியாது. ஞாயிறு ஆடி பிறக்கிறது. சனிக்கிழமை பிறந்த வீட்டிலிருந்து அழைக்க வருகிறார்கள். அதற்குள் சரியாக வேண்டும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்தேன்.

13, புதன்

வீட்டுக்கே கொண்டுவந்து பிரித்தேன். குண்டு குண்டாக ஈயம் வைத்ததெல்லாம் அவன். திட்டிக்கொண்டே நான் திருத்தியது பக்கத்தில்.

குமிழுக்கு அடியில் என்கோடர், குமிழ் எத்தனை படி திரும்பியது என்று சிப்புக்குச் சொல்வது. உள்ளே எண்ணெயும் தூசியும் கறுப்புக் களிம்பாக. ஸ்பிரிட், பிரஷ். இரண்டு கெப்பாசிட்டர் சேர்த்தேன். நடுக்கம் நின்றது. தாவல் பாதிதான் குறைந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். "அந்தப் பொட்டியா? அத எதுக்கு கண்ணு தொடறே?" ரசம் ஆறிப்போனது.

14, வியாழன்

கடையில் கரன்ட் இல்லை, பதினொன்றுக்கு வந்தது.

புரோகிராமையே மாற்ற வேண்டும். குமிழ் ஒருமுறை சொன்னால் நம்பக்கூடாது. இரண்டு முறை ஒன்றே சொன்னால்தான் சுருதி நகர வேண்டும். சிப்பை அழித்துத் திரும்ப எழுதணும்.

அதில் ஒரு வரி. சுவிட்ச் போட்டதும் ஐந்தரைக் கட்டையில் தொடங்கு. என் சுருதி. நான்தான் எழுதினேன். அவனுக்கு ஒரு கட்டை. ஒவ்வொரு தடவையும் திருப்பிக்கொள்ள வேண்டும். "பொட்டியும் உன்ற பேச்சத்தான் கேக்குது" என்பான். சிரித்துக்கொண்டே திருப்புவான்.

இப்போது மாற்றிவிடலாம். மாற்றுவதுதான் நியாயம்.

ஆனால் ஆடி முழுக்க அவள் இருக்க மாட்டாள். தனியாக உட்கார்ந்து சுவிட்சைப் போடுவான். ஐந்தரை கேட்கும். குமிழைத் திருப்பும்வரை என் நினைப்பு வரட்டுமே. எனக்கு அது போதும்.

அற்பத்தனம்தான். தெரிந்தே விட்டேன்.

15, வெள்ளி

ஒன்று திருப்பினால் ஒன்று. ஏற்றி இறக்கிப் பார்த்தேன், தாவவில்லை. வேலை முடிந்தது. ராத்திரி அழுதேன். என்னவென்று அம்மா கேட்கவில்லை.

16, சனி

வெயில். பூங்கொடி அவசரமாக வந்தாள். மாமன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறாராம். பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். கண்ணை மூடி ஒரு வரி பாடினாள். ஐந்தரையில் அச்சாகச் சேர்ந்தது. நல்ல குரல்.

"மாத்திப்போட்டிருப்பீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தனுங்க. எனக்கும் அஞ்சரைதான். அவரு இப்பெல்லாம் குமிழையே தொடறதில்லீங்க. 'நீ ஊருக்குப் போனாலும் பொட்டியப் போட்டா நீ இருக்கற மாதிரியே இருக்கும்'ங்கறாரு."

துணி சுற்றிக் கொடுத்தேன்.

"வாரேனுங்கக்கா."

இனி எண்ணெய் விடாதே என்று மட்டும் சொன்னேன்.