மணலில் குறை இல்லை

அன்புள்ள என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்களா? நாங்களும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், ஆனால் இங்கே வீடு முழுக்க மணல். படுக்கையை உதறினால் மணல், சோற்றைக் கடித்தால் மணல், வாசலில் கொட்டிய குவியலில் தெருப் பூனைகள் எல்லாம் வந்து காலைக்கடன் முடித்துவிட்டுப் போகின்றன. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாரே, என்ன பேசுவது, அதனால்தான் கடிதம்.

தெருப் பக்கத்துச் சுவரின் பூச்சு மழையில் பொத்தென்று விழுந்தபோது நீ சொன்னாய், வெள்ளை சிமெண்டில் பூசிவிட்டால் பெயிண்டே வேண்டாம், மணல் மட்டும் வெள்ளையாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும் என்று. நீ சொன்னது ஒரு வரி, நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் வந்த மணல் ஈரத்தில் பளிச்சென்று இருந்தது, காய்ந்ததும் பழுப்படித்துவிட்டது, சுவரில் கையகலம் பூசிப் பார்த்தால் டீ கொட்டின மாதிரி. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்து கடற்கரை மணல், வெள்ளை வெளேரென்று இருந்தது, உன் அப்பா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துவிட்டு, "உப்புக் கரிக்குது, சுவரு பொரிஞ்சுபோயிடும்" என்று லாரியையே திருப்பி அனுப்பினார். அதுவும் நியாயம்தான். அதற்கப்புறம் வந்தது மாவு மாதிரி நைசாக இருந்தது, காயக் காய வெடிப்பு விடுமாம், அதுவும் போனது. ஒவ்வொன்றுக்கும் உனக்குப் போன், அரை மணி நேரம் ஆலோசனை. கடைசியில் வெள்ளைக்கல்லை உடைத்துச் சலித்துக் கழுவின மணல் வந்தது, பொடியும் பருக்கையுமாகக் கலந்து. கொத்தனார் ஒரு கை அள்ளித் தேய்த்துக் காட்டினார், உள்ளங்கையில் அழுக்கே ஒட்டவில்லை. என் சர்க்கரை பாட்டிலைப் பிடுங்கி அதில் மணலும் தண்ணீருமாகக் குலுக்கி வைத்தார்கள், மறுநாள் பார்த்தால் தண்ணீர் தெளிந்து நிற்கிறது, மேலே சேறே படியவில்லை. சுவரில் கையகலம் பூசிப் பார்த்ததும் காய்ந்து பால் மாதிரி இருக்கிறது, எதிர்வீட்டு டீச்சர் நின்று பார்த்து எங்களுக்கும் இதே மணல் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "லேசா நீலம் அடிக்குது, எதுக்கும் பாப்பாவைக் கேட்டுடலாம்" என்கிறார். நீலமாம்! கொத்தனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஐயா முடிவு பண்ணினதும் சொல்லி அனுப்புங்கம்மா" என்று கரண்டியைக் கழுவிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன், மணல்ல என்ன குறை, உங்களுக்குப் பித்தா பிடிச்சிருக்கு என்று. அப்புறம் நான் துணி மடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டு, "சுவரு முடிஞ்சிட்டா அவ எதுக்குடி எங்கிட்ட பேசப்போறா?" என்று கேட்டார். நீ போன தடவை வந்திருந்தபோது சம்பந்தி வீட்டார் முன்னால் அதே சுவரைக் காட்டி, எங்கப்பாவுக்கு மணல் பார்க்கவே தெரியாது என்று சிரித்தாயே, நினைவிருக்கிறதா? நீ கட்டட வேலை படித்தவள், விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் வெயிலில் நின்று இந்த வீட்டைக் கட்டின மனிதர், அன்றிலிருந்து உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நீயும் அவருக்குப் பிறந்த ரோஷக்காரிதானே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. பூச்சு விழுந்த பிறகுதான் என் கையிலிருந்த போனை வாங்கி, "எந்த மணல் போடலாம்னு நீயே சொல்லு" என்று உன்னிடம் கேட்டார். அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய் நான் அழுதது உனக்குத் தெரியாது.

ஆனால் அதற்காகக் காலம் பூராவும் மணல் குவியலைத் தாண்டித் தாண்டி நடக்க என் முழங்காலில் தெம்பில்லை. கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன், ஐயாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், கலவையைப் போட்டுப் பூச ஆரம்பித்துவிடுங்கள் என்று. பாதியில் மணலை மாற்றினால் நிறம் வேறாகிவிடும், அதனால் ஆரம்பித்த பிறகு இவரும் வாயைத் திறக்க முடியாது. புதன்கிழமை முடிந்துவிடும் என்கிறார்.

நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் நேரத்தோடு தூங்கச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. வியாழக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. என் நம்பருக்கு வேண்டாம், அப்பா நம்பருக்குப் பண்ணு. சுவரைப் பற்றி மூச்சுவிடாதே, சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். பேச்சு வராமல், இரு, அம்மாகிட்ட குடுக்கறேன் என்பார். நான் வேண்டாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா