ரஞ்சித் சொன்ன மொழிபெயர்ப்பு

செவ்வாய், இரவு.

எல்லையில் சண்டை நின்ற பிறகு பிரதமர் இன்று நாடாளுமன்றத்தில் பேசினார். கம்பெனி கேன்டீன் டிவியில் பார்த்தோம். எங்களுக்கு இந்தி தெரியாது. எல்லையோர ஊரிலிருந்து வந்து என் லைனில் வெல்டிங் செய்யும் ரஞ்சித்தைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, "இன்னா சொல்றாரு, சொல்லுப்பா" என்றேன்.

"நாம ஜெயிச்சாச்சு சொல்றாரு, சார்."

அங்கே மேசையைத் தட்டினார்கள். இங்கே நாங்களும் தட்டினோம். "எல்லையில ஜனங்க எல்லாம்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

அந்தச் சண்டையில் ஊரில் குண்டு விழுந்து அவன் அண்ணன் செத்துப்போனான். காரியத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டான். மூன்று நாள் எழுதிக் கொடுத்தேன். ஊர் போய்ச் சேரவே மூன்று நாள் ஆகும். அவன் போகவில்லை.

எல்லாம் தெரிந்த நான்தான், "ஏன் நிறுத்திட்ட? அப்பறம் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "எல்லாம் பத்திரமா இருக்காங்க சொல்றாரு, சார்" என்று மீதியையும் சொன்னான். மறுபடி தட்டினோம்.

த்தூ.