லாரி வந்த ஞாயிறு

அப்பா,

எதிர்வீட்டில் இன்று தால் போடுகிறார்கள். கான்கிரீட் கூரைக்கு நம் ஊரில் இன்னும் அதே பேர்தான். ஈரச் சிமெண்ட் வாசனை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அது வந்தால் நீங்களும் வந்துவிடுகிறீர்கள்.

பெரிய புயல் ஓலை, தகரம் எதையும் விட்டுவைக்காமல் போன பிறகு, நம் ஊர் செமின் கிரனியேயில் கரும்பு வெட்டியவர்கள் பாதிப் பேர் கொத்தனார்கள் ஆனார்கள். நீங்களும் கத்தியைப் போட்டுவிட்டுக் கொத்துக் கரண்டியைப் பிடித்தீர்கள். தோட்டத்தைவிட நல்ல கூலி. வாரமெல்லாம் காந்த்ராக்டரிடம் வேலை. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக்குத் தால். அதற்குக் கூலி கிடையாது, ஒருவேளைச் சாப்பாடுதான். ஊரில் நீங்கள் கை வைக்காத கூரை இல்லை. நம் தலைக்கு மேல் மட்டும் தகரம்.

கடைசியில் நம் முறையும் வந்தது. சிமெண்ட் மூட்டைகள் அடுக்கி, பலகை அடித்து, முட்டுக் கொடுத்தாயிற்று. அம்மாவும் நானும் கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தோம். ஆட்கள் கலவை வாளியை எடுக்கும் நேரத்தில் காந்த்ராக்டரிடம் இருந்த மேஸ்திரியின் லாரி வாசலில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கே இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன! அன்று பெரிய கட்டட வேலைக்கு வந்தால் இரட்டைக் கூலி என்று கிரியோல் மொழியில் சொன்னார்.

யாரும் அசையவில்லை. உங்கள் முகத்தையே பார்த்தார்கள்.

"அலே, போங்கப்பா. பிள்ளைகுட்டிக்காரங்க. தால் எங்க ஓடிடப் போவுது, அடுத்த ஞாயிறு போட்டுக்கலாம்" என்றீர்கள்.

"நீங்களுமா?" என்று அம்மா கேட்டாள். நீங்கள் கடைசி ஆளாக லாரியில் ஏறினீர்கள்.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறும் மழை. பிறகு அந்தப் பெரிய கட்டடம் முடிந்தது, வேலையும் முடிந்தது. ஆட்கள் ரோஷ் புவா, குட்லண்ட்ஸ் என்று தூர ஊர்களுக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள். பலகையைப் பிரித்துப் பழைய தகரத்தையே திரும்பப் போட்டோம். சிமெண்ட் மூட்டைகள் ஈரம் குடித்துக் கல்லாகிவிட்டன. அவற்றை வரிசையாக வைத்து வாசலுக்குப் படி கட்டினீர்கள். அம்மா கடைசிவரை அதில் கால் வைக்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள். நீங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தீர்கள். அந்தத் தகரத்தின் கீழேயே கண்ணை மூடினீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் உண்டு அப்பா. அவர்களை அனுப்பியதற்கு இல்லை. நீங்களும் ஏறியதற்கு.

இன்று எதிர்வீட்டுக்கு நான்தான் கோழிக்கறி வைத்துக் கொண்டுபோனேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. கடைசி வாளி மேலே போகும்வரை, லாரி ஏதும் வந்துவிடுமோ என்று தெருவையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.