அடுத்த அறைச் செருமல்

என்னங்க,

இந்த நாவல் முடியவே மாட்டேன் என்கிறது. முடிந்தாலும், வழக்கம்போல நானே அச்சடித்து, நானே பையில் தூக்கிக்கொண்டுபோய் விற்க வேண்டியதுதான்.

எழுதியதைச் சத்தமாக வாசிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு வரி பொய்யாக ஒலித்தால் அடுத்த அறையிலிருந்து தொண்டையைச் செருமுவீர்களே, என்னை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகும் அது கேட்கிறது.

மகளிடம் சொன்னேன். "அது குழாய்ல காத்து அடைக்கிற சத்தம்மா" என்று பிளம்பரைக் கூட்டிவந்தாள். அவர் குழாயையே மாற்றிவிட்டார். செருமல் நிற்கவில்லை.

நேற்று அவள் கைப்பிரதியைப் படித்துவிட்டு, "ஏம்மா, வரவர இவ்வளவு மோசமா எழுதுற?" என்று கேட்டாள்.

அவளிடம் எப்படிச் சொல்வேன், நன்றாக எழுதினால் நீங்கள் செருமுவதில்லை என்று?

நீங்கள் கேலியாகக் கூப்பிடும்,
எழுத்தாளரம்மா