பௌர்ணமிக்குக் கை மாறிய கிட்டார்

பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்துருண்டை வாசனை வந்தது. அதற்கு அடியில் இரும்பு வாடை, பழைய கம்பிகளில் விரல் வேர்வை ஊறி ஊறி ஏறியது. அதில் உன் வேர்வை எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது.

அடி அண்ணாமலையிலிருந்து உன் மைத்துனன் ஆட்டோவில் கொண்டுவந்து வைத்தான். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை என்று அலுத்துக்கொண்டான்.

"நாளைக்கு எடுத்துட்டு வந்திருக்கலாமேப்பா" என்றேன்.

"அக்காதான் இன்னைக்கே குடுத்துடணும்னு சொன்னாங்க சார். பௌர்ணமியாச்சே."

உன் மனைவி மறக்கவில்லை. நான் மறந்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு எதுவும் மறப்பதில்லை. அதுதான் என் நோய் என்று என் வீட்டில் சொல்வார்கள்.

கிட்டாரின் கழுத்தை ஒட்டி ஒரு சோப்பு டப்பா இருந்தது. உள்ளே பஞ்சு விரித்து, சின்னச் சின்ன உலோகக் கம்பித் துண்டுகள். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, அறுந்த கொலுசா?"

"வீணையில மெட்டு இருக்கும்ல, அந்த மாதிரி. கிட்டார்ல ஃப்ரெட்டும்பாங்க. விரல் வெக்கிற பலகையில குறுக்கால பதிஞ்சிருக்கும்."

"பலகையில ஒண்ணுமே இல்லியே. வெறும் கோடுதான் இருக்குது."

"ஒருத்தன் புடுங்கிட்டான்."

பிடுங்கியதை நீ பத்திரமாக வைத்திருந்தாய் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். உன் மனைவிக்குத் தொலைபேசினேன். "அவன் வந்து கேட்டா திரும்பப் பதிச்சுக் குடுத்துடலாம்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா. நீங்கதான் வரலை" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

புதுச்சேரியில் கிட்டார் பழுதுபார்க்கிறவர் ஒருவரைத் தெரியும். கொடுத்தால் இந்தத் துண்டுகளைப் பழையபடி பதித்துவிடுவார். அனுப்புவதா வேண்டாமா என்றுதான் இவ்வளவு நேரமாகப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பத்தொன்பதில் இது நம்மிடம் வந்தது. செங்கம் சாலையில் வாடகை அறை எடுத்திருந்த ஒரு ஜெர்மன் கிழவர் சாயங்காலங்களில் இதை வாசிப்பார். அவர் ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அந்தக் கோடியில் நீ, இந்தக் கோடியில் நான். நான் இயற்பியலில் முதுகலை முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். நீ கீழ்பென்னாத்தூரில் வங்கி வேலையில் சேர்ந்த புதிது. பல நாள் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல் நின்ற பிறகு நீதான் கேட்டாய்: "நீயும் இதுக்குத்தான் நிக்கிறியா? நான் ஏதோ பொண்ணு விஷயம்னு நெனச்சேன்."

ஊருக்குத் திரும்பும்போது அவர் நம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நம்மைவிட வயதில் மூத்த பேஸ் கிட்டார், தாழ்ந்த சுரங்களுக்கென்றே தடித்த கம்பி கட்டியது. வயிற்றுப் பக்கம் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. "இரண்டு பேர், ஒரு கிட்டார். கட்டாயம் சண்டை போடுவீர்கள்" என்று சிரித்தபடிதான் கொடுத்தார். நீ அங்கேயே தீர்ப்புச் சொன்னாய்: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாத்திக்கலாம். ஒரு மாசம் உனுது, ஒரு மாசம் எனுது."

பௌர்ணமியன்று பேருந்து எதுவும் ஊருக்குள் வராது என்பதால் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்போம். என் முறை வரும்போது நான் டவுனிலிருந்து மலையைப் பாதி சுற்றி உங்கள் ஊர் டீக்கடைக்கு வருவேன். வாங்கிக்கொண்டு மீதிப் பாதியை நடந்து வீடு சேர்வேன். உன் முறையில் நீ டவுனுக்கு வருவாய். வழித்துணையாக எத்தனையோ முறை சேர்ந்தே சுற்றியிருக்கிறோம். ஒருமுறை செய்யாறு பக்கத்து அம்மா ஒருவர் நம்மோடு நடந்தபடி கேட்டார்.

"என்னா தம்பி அது, வீணையா?"

"இல்லம்மா. வீணையோட பெரியப்பா" என்றாய் நீ.

"கோயில்ல வாசிக்கவா?"

"வேண்டுதல்மா. மலையைச் சுத்தினா சுருதி சேரும்னாங்க."

அந்த அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ முகம் மாறாமல் நடந்தாய். நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல் பின்தங்கினேன்.

நாம் இருவரும் சேர்ந்திருந்த மெல்லிசைக் குழுவின் ஒத்திகை, வாடகைப் பாத்திரக் கடையின் மாடியில். அடுக்கிய அண்டாக்களுக்கும் மடித்த பந்தல் துணிகளுக்கும் நடுவே ஆறேழு பேர் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். யார் மாதமோ அவன் வாசிப்பான். மற்றவன் மூலையில் உட்கார்ந்து குறை சொல்வான். எனக்கு ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று தனியாகக் கேட்க வேண்டும். கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் அழுக்கு நீங்கிப் புதுக்கம்பி போலாகும் என்பதால், என் மாதம் பிறந்ததும் அதைத்தான் செய்வேன். உனக்கு மொத்தையான நாதம் வேண்டும். உன் மாதத்தில் கம்பிகளுக்கு அடியில் ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிவிடுவாய்.

"மறுபடியும் வேகவெச்சிட்டியாடா? குழம்புக்கு உப்பு சரியா இருந்துச்சா?"

"உன் ஸ்பாஞ்சைத் தூக்கினா பல்லி முட்டை இருக்குதுடா. மொதல்ல அதைப் பாரு."

குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த சுரத்தை வாசித்தால் பெரிய அண்டா ஒன்று லேசாக முனகும். குழுவை நடத்திய மாஸ்டர் பாட்டை நிறுத்திவிட்டுக் கத்துவார்: "யாருப்பா அது, பேஸைக் கம்மி பண்ணு. ஓனரு அண்டா ஓட்டைன்னு என் தலையில கட்டிடுவான்." அது ஒத்ததிர்வு என்று உனக்கு நான் விளக்கினேன். நீ காதைத் தீட்டிக்கொண்டு, "அது முழுசாப் பாடலைடா. இந்த ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் நடுவுல எங்கியோ அதோட எடம் இருக்குது" என்றாய். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் கிடைத்துவிடும் என்றேன். "அப்ப மத்தது எல்லாம் எடம் மாறிப்பூடுமே" என்றாய்.

அந்த வருடம் தீபத் திருவிழாவில், மாடவீதியில் சாமி வரும்போது நாகசுரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தாய். திரும்பி என்னிடம் சொன்னாய்: "அவரு எங்கனா நிக்கிறாரா பாரு. வழுக்கிக்கினே போறாரு. நாம படிக்கட்டுல ஏறி எறங்கிக்கினு இருக்கோம்." நல்ல பேச்சு என்று ரசித்தேன். பேச்சோடு நிற்கும் என்று நினைத்தேன்.

அடுத்த பௌர்ணமி என் முறை. டீக்கடைப் பெஞ்சில் பெட்டியைத் திறந்து காட்டினாய், பிறந்த குழந்தையைக் காட்டுவது போல. ஃப்ரெட் ஒன்றுகூட இல்லை. பிடுங்கிய இடங்களில் மரத்தூளும் பசையும் அடைத்துத் தேய்த்திருந்தாய்.

"என்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"எடுத்துட்டேன்டா. ஒரே ஒரு தபா வாசிச்சுப் பாரு. நாகசுரம் மாதிரி போவுது."

"யாரைக் கேட்டு?"

"என் மாசம்டா."

"வாடகைக்கு வந்தவன் வீட்டை இடிப்பானா?"

உன் சிரிப்பு அதோடு போனது. "இப்ப உன் மாசம். எடுத்துக்கினு போ. புடிக்கலைன்னா சொல்லு" என்றாய்.

"எனக்கு வேணாம். நீயே வெச்சுக்க."

வெறுங்கையோடு மீதிச் சுற்றை நடந்தேன். ஃப்ரெட் ஒவ்வொன்றும் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியில் யாரோ ஒரு தச்சன் மயிரிழை பிசகாமல் அளந்து பதித்ததை, நீ குறடு வைத்துப் பிடுங்கினாய். வழி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கிட்டார் என்னிடம் இல்லை என்று தெரிந்ததும் மாஸ்டர் வேலூரிலிருந்து ஒரு கீபோர்டுக்காரனைக் கூட்டிவந்தார். "இவன் எடது கையிலியே பேஸ் வாசிச்சுடுவான்பா. ஒரு ஆள் கம்மி" என்றார் என் முகத்துக்கு நேராக. குழுவில் எனக்கும் இடம் போனது, உனக்கும் போனது. பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் என்னைவிட இளையவன் துறைத்தலைவர் ஆனான். அதற்குக் கைதட்டியவர்களின் முகமெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நான் மன்னிக்காதவர்களின் வரிசையில் மாஸ்டரும் உண்டு. முதல் இடம் மட்டும் எப்போதும் உனக்கு.

பேருந்து நிலையத்தில் உன்னைப் பார்ப்பேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையைத் தூக்குவாய். நான் எதிரே நிற்கும் பஸ்ஸின் பலகையைப் படித்துக்கொண்டிருப்பேன். பலகையைப் படித்தே வருடங்கள் போயின. உன் சாவுக்கு வந்தேன். தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அதையும் உன் மனைவி பார்த்திருக்கிறார்.

இன்று தொலைபேசியை வைக்கும் முன் அவர் இன்னொன்று சொன்னார். "ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்தாண்ணா எடுப்பாரு. எடுங்களேன், சும்மாதானே கெடக்குதுன்னு சொன்னா, 'இது அவன் மாசம், தொடக்கூடாது'ம்பாரு."

அதைக் கேட்டபின் பெட்டியை அருகே இழுத்தேன். பிறகு கிட்டாரை மடியில் வைத்தேன். விரல் பழைய பழக்கத்தில் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றது. சுரம் தாழ்ந்து அசிங்கமாக வந்தது. கோட்டின் மேல் வைத்தேன். பரவாயில்லை. நீ சொன்னது போல் வழுக்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஓரிடத்தில், சமையலறையில் ஏதோ பாடத் தொடங்கியது.

"என்னாங்க, தண்ணிக் குடம் முனகுது!" என்றாள் என் மனைவி.

விரலை அங்கேயே வைத்திருந்தேன். ஒலி அடங்கும்வரை எடுக்கவில்லை.

நீ செய்தது தப்பு. குடம் பாடியதால் அது மாறிவிடாது. கேட்காமல் செய்தாய், அதுதான் தப்பு. இப்போது புதுச்சேரிக்கு அனுப்பி ஃப்ரெட்டைப் பதிக்கலாம் என்றால், பாதி உன்னுடையது. உன்னைக் கேட்க வேண்டும். கேட்க வழியில்லை. கேட்காமல் செய்தால் நீ செய்ததையே நானும் செய்தவனாவேன். அந்தப் பேச்சுக்கு நான் இடம்கொடுக்கமாட்டேன். சோப்பு டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இது என் மாதம், வாசிப்பேன். கம்பிகளை வேகவைத்துவிட்டேன், ஸ்பாஞ்சையும் எடுத்துவிட்டேன். அடுத்த பௌர்ணமியன்று பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடி அண்ணாமலைவரை நடந்து, உங்கள் வீட்டில் வைத்துவிட்டு வருவேன். அது உன் மாதம். நான் தொடமாட்டேன்.