உரிமைகள் பாடம் அடுத்த வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

சட்டக் கல்லூரியில் கைது, விசாரணை பாடத்துக்கு இன்று மூன்றாவது வகுப்பு. பிள்ளைகள் சட்டப் பிரிவுகளைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள். போலீஸ் அதிகாரம் ஒப்பித்தால் விளங்குமா? புதன்கிழமை வகுப்பறையைக் காவல் நிலையமாக்கப் போகிறேன். கைதானவரின் உரிமைகள் பாடத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். முதலில் பயம் என்னவென்று தெரியட்டும்.

வழக்கும் கைவசம் இருக்கிறது. போன மாதம் நான் தயாரித்த கேள்வித்தாள் தேர்வுக்கு முந்தின நாளே எல்லார் போனிலும் சுற்றியது. யார் வேலை என்று இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

குற்றம் சாட்டப்பட்டவனாகக் கடைசி பெஞ்ச் பையனைக் கூப்பிட்டேன். மௌனசாமி என்று நான் வைத்த பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் நிற்கவைத்தோம். நாலு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். தண்ணீர் கேட்டான்.

"உண்மையச் சொல்லுடா, பாட்டிலோட தர்றேன்" என்றாள் முதல் பெஞ்ச் பெண். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சுவரில் சாயப் போனான், விடவில்லை. "எழுதிக் குடுத்தா உக்காரலாமா சார்?"

எழுதினான். கேள்வித்தாளை எடுத்தது நான்தான் என்று, தேதி, கையெழுத்தோடு. அருமையான வகுப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜெராக்ஸ் அறையில் அட்டெண்டர் கேட்டார்: "போன மாசம் ஒரிஜினல மெஷின்லயே விட்டுட்டுப் போய்ட்டீங்களே சார். சாயங்காலம் எடுத்து உங்க மேசையில வெச்சேன், பாத்தீங்கல்ல?"

நானே மேசையில் வைத்ததாக அல்லவா நினைத்திருந்தேன்? காலையிலிருந்து சாயங்காலம்வரை — யார் வேண்டுமானாலும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முதல்வர் கூப்பிட்டார். "பையன் ஒப்புக்கிட்டானாமே? அந்தப் பேப்பர் எங்க?"

பயிற்சி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவன் இல்லன்னா நீங்கதான் விளக்கம் குடுக்கணும், தெரியும்ல?"

ஃபைலைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவனைக் கல்லூரியை விட்டு நீக்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

அவன் அப்பா வந்தார். டிரைவர், காக்கிச் சட்டையோடு. "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார். வகுப்புக்காக எழுதினதுன்னு சொல்றான்."

"கையெழுத்து அவனோடதுதானே?" என்றேன். ச்சே, அந்த வாய் என்னோடதுதானா?

பிற்பகல் உரிமைகள் பாடம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றேன்.

"அப்ப அவன் எழுதினது?" என்றாள் முதல் பெஞ்ச் பெண்.

"இது கோர்ட் இல்லம்மா, காலேஜ்." யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்புக் கோடு. ஸ்கேல் வைத்து நான்தான் போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாவது பயிற்சி. குற்றம் சாட்டப்பட்டவராக யார் வருகிறீர்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. முதல் பெஞ்ச் பெண் என் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். "நீங்களே வாங்க சார். நிக்க வேணாம்." தண்ணீர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"ஒரிஜினல மெஷின்ல விட்டுட்டுப் போனது யாரு சார்? அட்டெண்டர் சொல்லிட்டாரு."

பதில் சொல்லாமலிருக்க எனக்கு உரிமை உண்டு என்றேன்.

"அத அவனுக்குச் சொன்னீங்களா சார்?"

யாரும் அதட்டவில்லை. மணி அடிக்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.